அக்கியும் மனிதக் குரங்கும்

எம்மூராகிய மங்கலம்பேட்டை, விருத்தாசலத்தினின்றும் உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருவழியின்மேல் அமைந்தது. விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் திருக்கோயில் சிலர் நினைவிற்கு வரும். பீங்கான் தொழில் பலர் நினைவிற்கு வரும். களிமண்ணைக் குழைத்து, உருவாக்கி, உலர்த்தி, சூளையிலிட்டு எடுக்கும் கைகள் நிறைந்த நாடு எங்கள் நாடு. மண்ணோடு பழகிய அக்கைகளுக்கு முற்காலத்தில் வேறொரு பணியும் இருந்தது. ஊரில் யார்க்கேனும் அக்கி கண்டால், மருத்துவரை நாடுமுன்னர்க் குயவர் இல்லத்தையே மக்கள் நாடினர். அவர் செங்காவியை நீரில் குழைத்து, கொப்புளங்களின்மேலும் அவற்றைச் சுற்றியும் மெல்லப் பூசுவார். சில இடங்களில் சிங்கத்தின் உருவத்தையும் எழுதுவார். இதனையே 'அக்கி எழுதுதல்' என்பர். மண்ணை வனையும் கையே மேனியையும் குளிர்விக்கும் என்பது அந்நாள் மக்களின் துணிபு.

யான் சிறுவனாயிருந்தபோது என் பாட்டியார்க்கு இடப்பக்க விலாவில் அக்கி கண்டது. முதுகினின்று மார்பு வரையில் ஒரு கச்சை கட்டினாற்போலக் கொப்புளங்கள் எழுந்தன. வலப்பக்கத்தில் ஒன்றேனும் இல்லை. மூன்று நாள் அக்கி எழுதப்பெற்றது. எழுதும்போது குளிர்ச்சியாயிருக்கிறது என்று அவர் கூறியதும், சில நாளில் கொப்புளங்கள் வற்றியுதிர்ந்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. ஆனால் வலி மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. புண்ணாறிய இடத்தின்மேல் சேலைத் தலைப்புப் பட்டாலும் துடித்துப்போவார். "அக்கி போய்விட்டதே, வலி ஏன் போகவில்லை?" என்று அவரிடம் கேட்டேன். "வந்தது போகவில்லையடா, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது" என்றார். எழுத்தறியாத அம்மூதாட்டியார் கூறியது எத்துணை உண்மை என்பதனைக் கல்லூரியில் உயிர்நூல் பயின்ற பின்னரே உணர்ந்தேன்.

அக்கி என்னும் சொல்லுக்குத் தீ என்றும் பொருளுண்டு. அந்நோய்க்குக் காரணமாகிய வைரஸ் புறத்தேயிருந்து புதிதாய் வருவதன்று. இளமையில் சின்னம்மையாக உடம்பிற் புகுந்த அதே வைரஸ், அம்மை இறங்கியபின் முதுகந்தண்டின் அருகேயுள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கின்றது. முதுமையினாலோ, வேறு நோயினாலோ உடம்பின் காவல் தளருங்கால், அது விழித்தெழுந்து ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகின்றது. அந்நரம்பு செல்லும் எல்லைக்குள்ளேயே கொப்புளம் எழுவதால்தான் அது கச்சைபோல் ஒருபக்கமாய் அமைகின்றது. சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் இருவேறு கோலங்கள் என்பதும், அக்கியென்பது உள்ளே உறங்கியதன் மறுவிழிப்பே என்பதும், இங்கிலாந்தில் சிற்றூர் மருத்துவராயிருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்பார் பல்லாண்டுகள் தம் நோயாளரைக் கூர்ந்து நோக்கி 1965-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டிய செய்தியாகும்.

இவ்வைரஸ் ஹெர்ப்பீஸ் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ந்து செல்லுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. மனிதரிடத்தே வாழ்வனவாக ஒன்பது ஹெர்ப்பீஸ் வைரஸ்கள் அறியப்பட்டுள்ளன. உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் எளிய ஹெர்ப்பீஸ் முதல்வகை, பெரும்பாலும் மறைவிடங்களைப் பற்றும் இரண்டாம்வகை, அக்கி வைரஸ், 1964-ஆம் ஆண்டில் எப்ஸ்டீன் என்பாரும் அவர்தம் துணைவரும் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கழலைப் புற்றில் கண்ட வைரஸ் ஆகியன அவற்றுள் சில. இக்குடும்பத்தார்க்குப் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. ஒருமுறை உட்புகுந்தால் உயிருள்ளளவும் வெளியேறார். உலகில் ஐம்பது வயதிற்குட்பட்டாருள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் எளிய ஹெர்ப்பீஸின் முதல்வகையைத் தம்முள் சுமந்து திரிகின்றனர். அவருள் பலர் அதனை அறியாமலே வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

மனிதர்க்கு மட்டுமோ இவ்விருந்தாளிகள் உளர்? இல்லை. மாட்டிற்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என உயிரினந்தோறும் அவ்வவற்றிற்குரிய ஹெர்ப்பீஸ் வைரஸ்கள் உள்ளன. அவை தத்தம் வீட்டில் பெரும்பாலும் அடங்கியே வாழ்கின்றன; எப்போதும் அடங்கியிருக்கும் என்று சொல்லவும் இயலாது. முதிர்ந்த யானைகளிடம் ஆரவாரமின்றி வாழும் வைரஸ், இளங்கன்றுகளைச் சின்னாட்களில் மாய்த்துவிடுவதுண்டு. 2019-ஆம் ஆண்டில் ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் நான்கு யானைக்கன்றுகள் அடுத்தடுத்து இறந்ததற்கு இதுவே காரணம். ஆயினும் ஒரு பொதுவிதி விளங்குகின்றது. ஒவ்வோர் உயிரினமும் தன் முன்னோரிடமிருந்து மூக்கையும் விழியையும் பெற்றாற்போலவே, தன் வைரஸையும் வழிவழியாய்ப் பெற்று வந்துள்ளது.

அங்ஙனமாயின், நமக்கு மிக நெருங்கிய உறவினராகிய மனிதக் குரங்குகளிடம் உள்ளவை எவை? நம்மிடம் உள்ளவற்றிற்கும் அவற்றிற்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவிற்கு அறிவியலார் கண்ட விடை, இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான் என்னும் நால்வகையாரையே மனிதக் குரங்குகள் என்று இங்கே குறிக்கின்றேன். இவர்களுள் எவரும் இன்று இந்தியக் காடுகளில் இல்லை. முதன் மூவர் ஆப்பிரிக்கர். நான்காமவர் சுமத்திராவிலும் போர்னியோவிலும் வாழ்பவர். அசாமில் ஹூலக் என்னும் வாலில்லாக் குரங்கு உண்டு. அது சிறு குரங்கினத்தைச் சார்ந்தது. ஆனால் ஒரு காலத்தில் நம் நாடும் இவ்வுறவினர்க்கு இடந்தந்தே இருந்தது. இமயத்தின் அடிவாரமாகிய சிவாலிக் மலைகளில் கிடைத்த எலும்புகளுக்குச் சிவாபித்தெக்கஸ் என்று பெயரிட்டுள்ளனர். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உலவிய அது ஒராங்குட்டானின் இனத்தோடு தொடர்புடையது. ஆதலின் இஃது எங்கோ ஆப்பிரிக்கக் காட்டின் கதை, நமக்கென்ன என்று எவரும் புறக்கணித்தல் வேண்டா.

எலும்பு கிடைக்கும், வைரஸின் எலும்பு கிடைக்குமோ? கிடையாது. பின் அதன் பழவரலாற்றை எங்ஙனம் அறிந்தனர்? தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பழைய ஓலைச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர், ஒரு நூலின் பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினர் அன்றோ? ஏடு எழுதுவோர் படியெடுக்கும்தோறும் ஓரிரு பிழைகள் நுழையும். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் காணப்படின், அவ்விரண்டும் ஒரு தாயேட்டினின்று வந்தன என்று உய்த்துணரலாம். பிழைகள் மிகமிக, அவை பிரிந்த காலமும் தொலைவாகும். வைரஸின் மரபுப்பொருளும் நான்கெழுத்தால் இயன்ற ஓர் ஏடே. ஒவ்வொரு தலைமுறையிலும் அது படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கும்தோறும் பிழை நுழைகின்றது. மனித வைரஸின் ஏட்டையும் சிம்பன்சி வைரஸின் ஏட்டையும் அருகருகே வைத்துப் பாடபேதங்களை எண்ணின், அவ்விரண்டும் எப்போது பிரிந்தன என்பதனை ஒருவாறு கணிக்கலாம்.

அங்ஙனம் கணித்த அமெரிக்க அறிவியலார் சிலர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. குரங்கினத்தார் பெரும்பாலோர்க்கு எளிய ஹெர்ப்பீஸ் வகையில் ஒரு வைரஸே உண்டு. மனிதர்க்கு மட்டும் இரண்டு உள்ளன. இவ்விரண்டும் மனித உடம்பிலேயே ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்திருக்குமாயின், அவ்விரண்டுமே ஒன்றற்கொன்று மிக அணுக்கமாயிருத்தல் வேண்டும். ஏடுகளோ வேறு கூறின. நம் இரண்டாம்வகை வைரஸ், நம் முதல்வகையைக் காட்டிலும் சிம்பன்சியின் வைரஸுக்கே நெருங்கியதாயிருந்தது! முதல்வகை, மனித முன்னோரும் சிம்பன்சி முன்னோரும் கிளைபிரிந்த காலமாகிய ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே தனிவழிப்பட்டது. அதாவது அது நம் குடும்பச் சொத்து. இரண்டாம்வகையோ ஏறத்தாழ 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிம்பன்சியின் முன்னோரிடமிருந்து மனிதரின் முன்னோரிடம் தாவியது. அதாவது அது அயல்வீட்டிலிருந்து வந்தேறியது. இற்றை மனிதராகிய நாம் அப்போது தோன்றவேயில்லை. நிமிர்ந்து நடந்த நம் மூதாதையர் ஒருவரே அதனை முதலில் ஏற்றவர்.

அது எங்ஙனம் தாவியது என்பதனைக் கண்டார் எவருமில்லை. வேட்டையாடி உண்டபோது குருதி பட்டதனாலாகலாம், கடியினாலாகலாம். இடையே அழிந்துபோன வேறொரு மனிதச் சார்பினம் ஏந்திக் கொணர்ந்திருக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டில் வேறு சிலர் கருத்துரைத்துள்ளனர். வழி எதுவாயினும், நிகழ்ந்தது ஒன்று. இரண்டு உயிரினம் நெருங்கிய ஏதோ ஒரு நாளில், ஒரு துளியில் கடந்து வந்த வைரஸ், இன்றுவரை நம்மை விட்டு நீங்கவில்லை. 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உண்டான ஒரு சிறு நெருக்கத்தின் பயனை இன்றும் கோடிக்கணக்கான மக்கள் சுமக்கின்றனர்.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "அருவருக்கத்தக்க செய்தி, குரங்கிடமிருந்து நோய் பெற்றோம் என்பது மனிதர்க்கு இழுக்கன்றோ?" என்றார். யான் அங்ஙனம் கருதவில்லை. வெவ்வேறு மரங்களின் ஒட்டு எளிதில் பற்றாது. ஓரின மரங்களின் ஒட்டே பற்றும். சிம்பன்சியின் வைரஸ் நம்மிடம் வேரூன்றியதெனின், நாமும் அதுவும் ஓரினம் என்பதற்கு அதனினும் வலிய சான்று யாது? உறவு உள்ள இடத்தில்தான் கொடுக்கல் வாங்கல் உண்டு. நன்மையும் அவ்வழியே வரும். நோயும் அவ்வழியே வரும். உறவை மறுப்பதால் நோய் நில்லாது. உறவை அறிந்து நடத்தலே நிற்கும் வழி.

நிற்க. இதுவரை கூறியது பழங்கதை. இனிக் கூறுவது நம் காலத்தின் செய்தி. நம் வீட்டுக் கூரைமேல் உலாவும் செய்தி.

1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வில்லியம் பிரெப்னர் என்னும் இளம் மருத்துவர், இளம்பிள்ளைவாத நோயைக் குறித்த ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். ரீசஸ் குரங்கு ஒன்று அவர் கையைக் கடித்தது. ரீசஸ் என்பது வடஇந்தியாவில் எங்கும் காணப்படும் செம்முகக் குரங்கே. குரங்கு நோயற்றதாய்த் தோன்றியது, காயமும் சிறிது. ஆனால் சின்னாட்களில் அவர் கால்கள் செயலற்றன. அச்செயலின்மை மேலேறி மூச்சை அடைத்தது. அவர் உயிர் துறந்தார். அவர் உடம்பினின்று பிரித்தெடுத்த வைரஸை ஆல்பர்ட் சேபின் என்பாரும் ஆர்தர் ரைட் என்பாரும் 1934-ஆம் ஆண்டில் விளக்கி, இறந்தவர் பெயரின் முதலெழுத்தைக்கொண்டு 'பி வைரஸ்' என்று வழங்கினர். அந்தச் சேபினே பின்னாளில் வாய்வழித் தடுப்புச் சொட்டு மருந்தைக் கண்டு, உலகக் குழந்தைகளை இளம்பிள்ளைவாதத்தினின்று காத்தவர்.

பி வைரஸ், நம் உதட்டுக் கொப்புள வைரஸின் நெருங்கிய உறவு. குரங்கிடம் அது செய்வது, நம்மிடம் நம் வைரஸ் செய்வதே: வாயில் ஒரு சிறு புண், பெரும்பாலும் அதுவுமில்லை. அதுவே மனித உடம்பிற் புகுந்தால் நரம்பின் வழியே மூளைக்கு ஏறிக் கொல்லுகின்றது. மருந்தில்லாத காலத்தில் அது பற்றியவர் பிழைத்தல் அரிது. 1997-இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர், கூண்டுக் குரங்கிடமிருந்து கண்ணில் ஒரு துளி தெறித்ததனால் மாண்டார். 2021-இல் பெய்ஜிங் நகரில் இறந்த குரங்குகளை அறுத்து ஆய்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர் மாண்டார். 2024-இல் ஹாங்காங்கில், காட்டுக் குரங்குகள் உலாவும் பூங்காவிற்குச் சென்று காயமுற்ற ஒருவர்க்கு இந்நோய் கண்டது. கண்டறியப்பட்ட நோயாளர் உலகெங்கும் ஏறத்தாழ ஐம்பதின்மரே. அவருள்ளும் பெரும்பாலோர் ஆய்வுக்கூடத்தார். ஆதலின் அஞ்சி நடுங்குதற்கு இடமில்லை. ஆனால் பாடம் ஒன்று உளது. தன் வீட்டில் பணிவாயிருக்கும் விருந்தாளி, அயல்வீட்டிற் புகுந்தால் தீயாவான்.

இப்பாடம் இருபக்கமும் செல்லும் என்பதனையே பலரும் மறந்துவிடுகின்றனர். நம் உதட்டுக் கொப்புள வைரஸ், தென்னமெரிக்காவின் மார்மசெட் என்னும் சிறு குரங்கைப் பற்றினால் அதனைக் கொன்றுவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் தாயி வனத்தில், சிம்பன்சிகளை அன்போடு ஆராய்ந்தவரும் காணச் சென்றவரும் கொணர்ந்த சளிநோய்களால் அவற்றுட் பல மாண்டன என்பதனை 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி மெய்ப்பித்தது. நமக்கு இரண்டு நாள் தும்மல், அவற்றிற்கு உயிரிழப்பு! அதனாலேயே மனிதக் குரங்குகளைக் காணச் செல்வோர் 7 மீட்டருக்கும் குறையாத தொலைவில் நிற்றல் வேண்டும், முகக்கவசம் அணிதல் வேண்டும், நோயுற்றவர் செல்லலாகாது என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நெறிகள் வகுத்தது. நம் வண்டலூர்ப் பூங்காவில் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிங்கங்களைக் கொரோனாத் தொற்றுப் பற்றியதும், இரண்டு சிங்கங்கள் மாண்டதும் யாவரும் அறிந்தவையே. கூண்டிலிருந்த சிங்கம் தானாய்ச் சென்று நோயைத் தேடிக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் எம்மூர்க்குச் சென்றிருந்தேன். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையோரத்தில் ஒரு புளியமரத்தின் கீழ், வண்டியில் வந்த குடும்பத்தார் சிலர் இறங்கி, குரங்குகட்கு வாழைப்பழமும் பிஸ்கோத்தும் கொடுத்துக்கொண்டிருந்தனர். புண்ணியம் என்று பெரியவர் கூற, வேடிக்கை என்று சிறியவர் சிரித்தனர். ஐந்தாறு வயதுள்ள பெண்குழந்தை ஒன்று தன் கையிலிருந்த பொட்டலத்தைக் கொடுக்க மறுத்துப் பின்னிழுத்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் குரங்கு அதன் கையைக் கடித்துப் பொட்டலத்தோடு மரமேறியது. குழந்தை கதறிற்று. கூட்டம் கூடிற்று.

ஒருவர், "இக்குரங்குகளை நஞ்சிட்டுக் கொல்ல வேண்டும்" என்றார். மற்றொருவர், "ஐயோ பாவம், அது வாயில்லாச் சீவன், குழந்தைதான் சீண்டியிருக்கும்" என்றார். மூன்றாமவர் கடைக்கு ஓடிச் சுண்ணாம்பும் மஞ்சளும் கொணர்ந்து அப்பினார். பெற்றோர் செய்வதறியாது நின்றனர். யானும் நின்றேன். மேலே எழுதிய செய்திகளுட் பெரும்பாலானவற்றை அன்றே படித்தறிந்திருந்தேன். வைரஸின் ஏட்டைப் பற்றி வகுப்பில் பேசிப் பாராட்டும் பெற்றிருந்தேன். ஆயினும், "முதலில் அக்காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவுங்கள்" என்னும் ஒரு வாக்கியம் என் வாயில் அப்போது எழவில்லை. பத்தடித் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. பெற்றோர் குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசி இடுவித்தனர். குழந்தை நலமே என்று பின்னர் அறிந்தேன். என் நாணம் மட்டும் இன்னும் ஆறவில்லை. இக்கட்டுரை அந்நாணத்தின் பயனாகும்.

அன்று மரத்தடியில் எழுந்த குரல்களுள் முதலிரண்டும் நாடெங்கும் ஒலிப்பவை. அவ்விரண்டும் தவறானவை என்பதே என் கருத்து.

குரங்கிற்கு உணவிடுதல் அறமன்று என்று கூறின் பலர் முனிவர். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். காட்டிலும் தோப்பிலும் நாள்முழுதும் உணவு தேடி அலைந்த உயிரை, சாலையோரத்தில் மனிதன் கையை நோக்கிக் காத்திருக்கும் இரவலனாக்குகின்றோம். கொடுத்தால் வாங்கும், கொடாவிடின் பறிக்கும், தடுத்தால் கடிக்கும். வண்டிச் சக்கரத்தில் நசுங்கியும் மாளும். கொடுத்தவர் புண்ணியத்தோடு ஊர் போய்ச் சேர்கின்றார். அப்புண்ணியத்தின் கடனை அடுத்த நாள் அவ்வழி நடக்கும் பள்ளிப்பிள்ளை இறுக்கின்றது. நம் எச்சிலும் அதன் எச்சிலும் ஒரே பழத்தில் கலக்கும் நெருக்கம், இரண்டு இனத்திற்கும் தீங்கு. அது கருணையின் உருவில் வரும் அறியாமை.

இனிக் கொல்லவேண்டும் என்பாரை நோக்கி ஒரு சொல். இச்சாலையோரக் குரங்கு, தலைமயிர் குல்லாய்போல் விரிந்திருக்கும் நம் நாட்டுக் குரங்கு, தென்னிந்தியாவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை. எங்கும் மலிந்ததென நாம் எண்ணும் அவ்வினம் பல இடங்களில் அருகிவருகின்றது. மைசூர்ப் பகுதிச் சாலையோரங்களில் பல்லாண்டுகள் அவற்றை எண்ணிவந்த ஆய்வாளர், நிழல்தந்த ஆலும் அத்தியும் வெட்டுண்ட இடங்களில் குரங்குக் கூட்டமும் அற்றுப்போனதைக் கண்டனர். சாலையை அகலமாக்கினோம், ஆலமரத்தை வீழ்த்தினோம், பழம் தந்த மரம் போனபின், பழம் தேடி வீட்டிற்குள் வந்த குரங்கைத் திருடன் என்கின்றோம். நோய்க்கு அஞ்சிக் கொல்லுதலும் பயன்தராது. ஒரு கூட்டத்தை அழித்தால் அவ்விடத்தில் உணவுள்ளவரை வேறொரு கூட்டம் வரும். மேலும், விரட்டிப் பிடித்துக் கூண்டிலடைக்கும்போதுதான் கடியும் கீறலும் மிகுகின்றன. 1950-களில் தடுப்பு மருந்து ஆக்கும்பொருட்டு நம் நாட்டினின்று லட்சக்கணக்கான ரீசஸ் குரங்குகள் கடல்கடந்து சென்றன. 1978-ஆம் ஆண்டில்தான் இந்திய அரசு அவ்வேற்றுமதியை நிறுத்தியது. நம் குழந்தைகள் கால் ஊன்றி நடப்பதற்கு உயிர்கொடுத்த இனத்திற்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம் என்பதனையும் மறத்தல் தகாது.

ஆகவே, வெறுப்பும் வேண்டா; வீண் நெருக்கமும் வேண்டா. எட்டி நின்று காக்கும் அன்பே இங்கு வேண்டுவது. சிம்பன்சியின் வைரஸும் நம் வைரஸும் கூறும் நீதி இதுவே. நாம் ஒரே வீட்டிற் பிறந்து வெவ்வேறு அறைகளில் குடியேறிய உடன்பிறந்தார். இடையிலுள்ள சுவரை இடித்து அவர் அறையிற் புகுதலும் தீது. அவர் அறைக்குத் தீயிடுதலும் தீது.

மாணவ அன்பர்களே, இக்கருத்து வெறும் சொல்லாய் நின்றுவிடாதிருக்க நாம் செய்யத்தக்கன சில உள. குரங்கு கடித்தாலும் கீறினாலும், அக்கணமே சவர்க்காரமும் ஓடும் நீரும்கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதனையும் அப்பலாகாது. பின்னர்க் காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நம் நாட்டில் பி வைரஸினும் வெறிநோயே பேரச்சம். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஹெர்ப்பீஸ் இனத்தை அடக்கும் அசைக்ளோவிர் முதலிய மருந்துகளும் உள. தேவை எது என்பதனை மருத்துவர் துணிவார். இதனைக் கற்ற ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊர்ப் பள்ளியில் ஒருமுறையேனும் எடுத்துரைப்பின், அன்று யான் நின்றதுபோல் இனியொருவர் நில்லார்.

அடுத்து, கையால் ஊட்டுதற்கு மாறாக மரத்தால் ஊட்டுவோம். ஏரிக்கரையிலும் ஊர்ப்புறத்திலும் ஆல், அரசு, அத்தி, நாவல் ஆகியவற்றை நட்டு வளர்ப்போமாயின், நம் கை படாமலே அவ்வுயிர்கள் உண்டு வாழும். நம் கல்லூரி இளைஞர் ஆண்டுதோறும் செய்யும் தொண்டுப் பணிகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்க்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் பழைய மாணவர்களையும் வேண்டிக்கொள்கின்றேன்.

முடிவாக, என் பாட்டியார்க்கு அக்கி எழுதிய பெரியவரை நினைக்கின்றேன். அவர் பூசிய காவி வைரஸைக் கொல்லவில்லை. அது அவர் அறிந்ததுமன்று. அக்கி கண்ட மூன்று நாட்களுக்குள் மருந்துண்டால் நோயின் கடுமை தணியும் என்பதனை இன்று நாம் அறிவோம். ஆதலின் இன்று அக்கி கண்டவர் மருத்துவரிடமே செல்லல் வேண்டும். ஆயினும் அப்பெரியவரிடம் ஒன்றைக் கண்டேன். நோயுற்றவரை அவர் அருவருக்கவில்லை. இறகின் நுனியால், புண் நோகாவண்ணம், தொட்டும் தொடாமலும் எழுதினார். அவ்வறிவிற்கு மேலாக நாம் இன்று எவ்வளவோ கற்றுவிட்டோம். தொட்டும் தொடாமலும் காக்கும் அந்தக் கையின் பதத்தையும் உடன் கற்போமாயின், நாமும் நம் கிளைஞராகிய குரங்கினமும் இந்நிலத்தில் நெடிது வாழ்வோம்.